என் முதல் நோயாளி

மருத்துவம் படிக்கிறவர்களின் கையெழுத்து கோழி கிண்டியது போல இருக்கும் என்று சொல்வார்கள். என்னுடையது அப்படியில்லை. பள்ளிக்கூடத்தில் அழகான எழுத்துக்கென்றே இரண்டு தடவை பரிசு வாங்கியிருக்கிறேன். ஆகவே இதை வாசிக்க உங்களுக்குச் சிரமம் இருக்காது.

"நடந்ததை நடந்தபடி உம்மடை சொல்லிலேயே எழுதும் பிள்ளை, அவசரமில்லை" என்று தாள்களைத் தந்துவிட்டுப் போனீர்கள். பொலிஸ் நிலையத்தில் இவ்வளவு மரியாதையை நான் எதிர்பார்க்கவில்லை. நன்றி. வாட்டில் ஒரு நோயாளியின் வரலாற்றை எழுதும் ஒழுங்கிலேயே எழுதுகிறேன். யார், எந்த ஊர், என்ன முறைப்பாடு, எப்போது தொடங்கியது. அந்த ஒழுங்கு எனக்கு இப்போது நன்றாகப் பிடிபட்டுவிட்டது.

பெயர் செல்வநாயகம் தாரிகா. வயது இருபத்தைந்து. ஊர் பருத்தித்துறை. அப்பா கடற்றொழில், சொந்தப் படகு. அம்மா மகாதேவி. நான் ஒரே பிள்ளை.

உயர்தரப் பரீட்சை முடிவு வந்த கிழமை எங்கள் சனசமூக நிலையத்தார் சந்தியில் என் படத்தைப் போட்டு ஒரு பதாகை கட்டினார்கள். 'எமது மண்ணின் மருத்துவர்' என்று பெரிய எழுத்தில் இருந்தது. அப்போது எனக்குக் காய்ச்சல் பார்க்கும் கருவியைக்கூட நேராகப் பிடிக்கத் தெரியாது. படத்தில் என் ஒரு கண் பாதி மூடியிருந்தது. அப்பா கரையிலிருந்து வீட்டுக்கு வர வேறு குறுக்குவழி இருந்தும் அந்தச் சந்தியால் சுற்றித்தான் வருவார். அடுத்த வளவுச் சின்னாச்சி மாமி தன் முழங்காலைக் காட்டி, "டொக்டர் பிள்ளை, இதுக்கு என்ன செய்யலாம்?" என்று கேட்டார். நல்லெண்ணெய் பூசச் சொன்னேன். சுகமாகிவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். நல்ல சனங்கள்.

அதன் பிறகு மருத்துவபீடத்துக்குப் போனேன். அங்கே எல்லோருமே தங்கள் தங்கள் சந்தியில் பதாகை கட்டப்பட்டவர்கள்.

எனக்குப் பாடமாக்கும் திறமை உண்டு. அந்தத் திறமையால்தான் அவ்வளவு தூரம் வந்தேன். ஆனால் இங்கே பாடமாக்கியது நிற்கவில்லை. ஓட்டைக் கடகப் பெட்டியில் தண்ணீர் அள்ளியது போலப் போய்விட்டது. முதல் பெரிய பரீட்சையில் தவறிவிட்டேன். வீட்டில் முடிவு பிந்தும் என்று சொல்லி, இரண்டாம் தடவை எழுதிச் சித்தியடைந்த பிறகு முடிவு வந்துவிட்டது என்றேன். அப்பா ஐஸ்கிறீம் வாங்கித் தந்தார்.

அந்தக் காலத்தில் வாய்மொழிப் பரீட்சைக்கு முன் எனக்கு ஒவ்வொரு தடவையும் சத்தி வரும். சத்தமில்லாமல் சத்தி எடுக்கப் பழகிக்கொண்டேன். எடுத்து, வாய் கொப்பளித்து, ஒரு ஏலக்காயை மென்றுகொண்டு சிரித்த முகத்தோடு உள்ளே போவேன். வகுப்பில் என்னைப் பகிடிக்காரி என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். மற்றவர்களும் இப்படித்தான். நிவேதனாவுக்குச் சீப்பு வைத்தால் முடி கையோடு வந்தது. கோகுலன் என்று ஒருவன், பரீட்சை மண்டப வாசலில் பெயர் கேட்டபோது அடையாள அட்டையை எடுத்துப் பார்த்துத்தான் சொன்னான். அவனுக்குத் தன் பெயர் மறந்துவிட்டது. நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அவனும் சிரித்தான். அடுத்த தவணை அவன் வரவில்லை. ஒரு வருடம் கழித்துச் சந்நிதித் திருவிழாவில் கண்டேன். நல்ல உடம்பு வைத்து, கச்சான் கொறித்துக்கொண்டு நின்றான். அவனுடைய அம்மா மட்டும் என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தொண்டைமானாற்றில் அவர்கள் வீட்டை இப்போது 'டொக்டருக்குப் படிக்க விட்ட வீடு' என்றுதான் சொல்கிறார்களாம்.

அந்தப் பெயரை எங்கள் வீட்டுக்கு யாரும் வைக்கக் கூடாது என்று அன்று முருகனிடம் கேட்டுக்கொண்டேன். வேறு எதையும் நான் கேட்கவில்லை.

ஜெசிதாவைப் பற்றி எழுதுகிறேன்.

ஜெசிதா குருநகர்ப் பிள்ளை. அவளுடைய அப்பா சிமியோனும் கடலுக்குப் போகிறவர். அதனாலோ என்னவோ முதல் நாளே ஒட்டிக்கொண்டோம். வீட்டில் தம்பி தங்கைகளின் சத்தத்தில் படிக்க முடியவில்லை என்று மூன்றாம் வருடத்திலிருந்து கொக்குவிலில் என்னோடு ஒரே அறையில் இருந்தாள். வீட்டுக்காரி அருமைநாயகி ரீச்சர், ஓய்வு பெற்றவர், எங்கள் இருவரையும் பெற்ற பிள்ளைகள் போலப் பார்த்தார்.

அவளிடம் ஒரு விசித்திரம் இருந்தது. அவளுக்குப் பயமே இல்லை. பரீட்சைக்கு முதல் நாளும் எட்டு மணித்தியாலம் நித்திரை கொள்வாள். சம்பல் நன்றாக வாய்த்தால் அரை இறாத்தல் பாணைத் தனியாக முடிப்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வேதக் கோவில் பாடகர் குழாமிலும், மற்ற நாட்களில் எங்கள் கிணற்றடியிலும் பாடுவாள். பக்கத்து வீட்டு நாய் அவளுடைய பாட்டுக்கு மட்டும் குரைக்காது. வகுப்பில் முதல் மூன்று பேருக்குள் எப்போதும் இருப்பாள். அதைப் பற்றி அவளுக்கு எண்ணமும் இருக்காது.

நான் அவள்மீது பொறாமைப்பட்டேனா என்று கேட்டீர்கள். இல்லை. ஜெசிதா மீது பொறாமைப்பட யாராலும் முடியாது. அவ்வளவு நல்லவள். எனக்குத் தலையில் ஏறாததை மணிக்கணக்காக இருந்து சொல்லித் தருவாள். ஒருநாள் நான் புத்தகத்தை மூடிவிட்டு அழுதபோது அவள் சொன்னாள்:

"நீ ஏனடி வருத்தத்தைப் புத்தகத்திலை தேடுறாய்? வருத்தம் ஆளிலையெல்லோ இருக்கு. ஒரு ஆளை வடிவாப் பார். சுகமா இருக்கேக்கை எப்பிடி இருந்தவர், இப்ப எப்பிடி இருக்கிறார் எண்டு பார். பிறகு செத்தாலும் மறக்கமாட்டாய்."

என் படிப்பு வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த அறிவுரை அது. யார் யாருக்கோ நன்றி சொல்லியிருக்கிறேன். இதற்கு இன்னும் சொல்லவில்லை.

ஆனால் வாட்டில் அதைச் செய்வது இலேசல்ல. ஒரு கட்டிலைச் சுற்றிப் பன்னிரண்டு பேர் நிற்போம். நான் உயரம் குறைவு. நோயாளிகளும் எங்களால் களைத்துப்போனவர்கள். ஒரு ஐயா நாங்கள் வாயைத் திறக்க முன்பே, "பிள்ளையள், எனக்கு இருதயத்திலை வால்வு ஒழுக்கு, இடப்பக்கம் வைச்சால் கேக்கும். கெதியாக் கேட்டிட்டுப் போங்கோ, சோறு ஆறுது" என்றார். மூன்றாம் நாள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். நோய் வருத்தம் வர முன்பு அவர்கள் எப்படிச் சிரித்தார்கள், எவ்வளவு சாப்பிட்டார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

நான்காம் வருடத் தொடக்கத்தில், வாட்டுக்குப் பொறுப்பான வைத்திய நிபுணர், நாங்கள் சேர் என்றே சொல்வோம், என்னை ஒரு பெண்ணைச் சோதிக்கச் சொன்னார். முப்பது வயது இருக்கும். நாடி விரைவு, கை நடுக்கம், வியர்வை. நான் நன்றாக யோசித்து, "பதட்டம் சேர்" என்றேன்.

"பதட்டம் அவவுக்கில்லை. உமக்கு" என்றார் சேர்.

எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெண்ணும் சிரித்தார். அது தைரொயிட் சுரப்பி அளவுக்கு மிஞ்சி வேலை செய்வதால் வருவது.

"உம்மடை அம்மாவுக்குத் தைரொயிட் எண்டு போன கிழமைதானே சொன்னீர்? வீட்டிலையும் ஆளைப் பாக்கிறேல்லையோ?" என்றார். மறுபடி சிரிப்பு. நானும் சிரித்தேன். "இந்தப் பகுதியை வருட முடிவுப் பரீட்சையிலை நான்தான் உம்மட்டைக் கேப்பன். படிச்சுக்கொண்டு வாரும்." அவர் கெட்டவர் அல்ல. அன்பாகத்தான் சொன்னார். அந்தப் பரீட்சையில் தவறினால் நான் ஒரு வருடம் பின்தங்கி, எனக்குக் கீழே படித்தவர்களோடு இருக்க வேண்டும். அதை வீட்டில் மறைக்க முடியாது.

அம்மாவுக்குப் பத்து வருடங்களுக்கு முன் தைரொயிட் சுரப்பியை வெட்டி எடுத்துவிட்டார்கள். அது செய்கிற வேலையை ஒரு சின்ன வெள்ளைக் குளிசை செய்கிறது. அம்மா வாழ்நாள் முழுக்க எடுக்க வேண்டும். சுரப்பி ஒழுங்காக உள்ள ஒருவர் அதே குளிசையைத் தொடர்ந்து எடுத்தால் அந்தப் பெண்ணுக்கு வந்த அத்தனையும் வரும் என்று புத்தகத்தில் ஒரு வரி இருந்தது. ஆச்சரியமாக, அந்த வரி எனக்கு மறக்கவில்லை.

முதலில் நானேதான் விழுங்கிப் பார்த்தேன். இதைக் கவனத்தில் எடுங்கள். ஒரு மாதம் எடுத்தேன், பிரயோசனம் இல்லை. என் நாடி ஏற்கெனவே நூற்றுப் பத்து. கை ஏற்கெனவே நடுங்கியது. நித்திரை முதலே இல்லை. குளிசை போட்ட தாரிகாவுக்கும் போடாத தாரிகாவுக்கும் ஒரு வித்தியாசமும் காண முடியவில்லை. வகுப்பில் எவரை எடுத்தாலும் இதே கதைதான். நல்ல ஆரோக்கியமான, பயமில்லாத, நாடி எழுபத்திரண்டில் நிற்கிற ஒருவர் தேவைப்பட்டார். அப்படி எங்கள் வகுப்பில் ஒருத்திதான் இருந்தாள்.

காலைத் தேநீரை எப்போதும் நான்தான் போடுவேன். ஜெசிதா பிந்தித்தான் எழும்புவாள். நான் அதில் கலந்து கொடுத்தேன்.

ஆபத்து இல்லை என்பதை மூன்று புத்தகங்களில் சரிபார்த்தேன். நிறுத்தினால் மாறிவிடும் வருத்தம். நிரந்தரமான எதையும் என் தோழிக்கு நான் கொடுத்திருக்க மாட்டேன்.

ஒவ்வொரு காலையும், "கையைத் தா, நாடி பழகவேணும்" என்பேன். பல்லுத் தீட்டிக்கொண்டே நீட்டுவாள்.

"பிடி, பிடி. என்ரை கையைப் பிடிச்சே நீ டொக்டராகப் போறாய்" என்பாள். இருவரும் சிரிப்போம்.

மூன்றாம் கிழமை, இருபத்தோராம் நாள், நாடி எண்பத்தெட்டு. நான்காம் கிழமை சட்டை தொளதொளத்தது. வழக்கத்தைவிடக் கூடச் சாப்பிட்டாள், ஆனாலும் மெலிந்தாள். வகுப்புப் பெண்கள் அவளிடம் இரகசியம் கேட்டார்கள். மின்விசிறியை விடிய விடியச் சுழலவிட்டாள், எனக்குத்தான் தடிமன் பிடித்தது. ஆறாம் கிழமை ஒருநாள் தேநீர்க் கோப்பை தட்டில் கிடந்து கிலுங்கியது. புத்தகத்தில் சொன்னபடி, கையை நீட்டச் சொல்லி விரல்களின்மேல் ஒரு தாளை வைத்தேன். தாள் தும்பியின் இறகு போல நடுங்கியது. அவ்வளவு துல்லியமான ஒன்றை நான் அதுவரை பார்த்ததில்லை. ஒரு கொப்பி முழுக்க எழுதினேன். அது உங்களிடம் இருக்கிறது. மஞ்சள் அட்டை.

யாரும் ஏன் சந்தேகப்படவில்லை என்று கேட்டீர்கள். யார் சந்தேகப்படுவார்கள்? மருத்துவ மாணவி ஒருத்தி மெலிகிறாள், நடுங்குகிறாள், நித்திரையில்லை, சும்மா அழுகிறாள். "நாலாம் வருசமெல்லே" என்றார்கள். மாணவர் ஆலோசகர் மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்தார். அருமைநாயகி ரீச்சர், "படிப்பு ஆளைத் திண்டுபோடும் பிள்ளை" என்று ஹோர்லிக்ஸ் கரைத்துக் கொடுத்தார். நிவேதனா அவளைக் கட்டிப்பிடித்து, "இப்பதான் நீ எங்கடை ஆள்" என்றாள். உண்மையில் வகுப்பு அவளை முன்னைவிட நேசித்தது. நான்கு வருடமாக அவள் ஒருத்திதான் எங்களைப் போல இல்லாமல் இருந்தாள்.

ஒரு பின்னேரம் கட்டில் நுனியில் இருந்து சொன்னாள்:

"தாரி, எனக்கு மண்டை பிழைச்சுப்போச்சோ? நெஞ்சு ஒரே அடிச்சுக்கொண்டு இருக்கு. பாட நிண்டால் மூச்சு வருகுதில்லை. நேற்றுத் தங்கச்சிக்குக் கை நீட்டிப்போட்டன். நான் இப்பிடியான ஆள் இல்லைத்தானே?"

"இல்லை. நீ இப்பிடியான ஆள் இல்லை" என்றேன். அது உண்மை. "எல்லாருக்கும் இப்பிடித்தான். பழகிடும்."

என் மடியில் தலை வைத்துப் படுத்தாள். தலையைத் தடவிக் கொடுத்தேன். நெற்றிப் பொட்டில் நாடி நூற்றுப் பதினாறு.

அந்த மாதங்கள்தான் என் வாழ்க்கையிலேயே சந்தோஷமானவை என்று சொன்னால் நீங்கள் தவறாக எடுக்கக் கூடாது. எனக்குச் சத்தி நின்றுபோனது. என் சொந்த நாடி எண்பதுக்கு இறங்கியது. ஒன்று விளங்கினால் மற்றதும் விளங்கும். ஒரு ஆளை வடிவாகப் பார்த்தபின் இருதயம், ஈரல், நரம்பு எல்லாம் தானாகத் தலைக்குள் போய் இருந்துகொண்டன. வாட்டில் முன்வரிசைக்கு வந்தேன். "என்ன தாரிகா, ஆளே மாறிட்டீர்" என்றார் சேர். அப்பாவிடம் தொலைபேசியில் சொன்னேன். அன்று கரையில் நின்ற எல்லோருக்கும் சோடா வாங்கிக் கொடுத்தாராம்.

பரீட்சைக்கான படிப்பு விடுமுறை தொடங்கியதும் நிறுத்திவிட்டேன். எப்படிச் சுகமாகிறது என்பதையும் பார்க்க வேண்டுமே. பத்தாம் நாள் கை நடுக்கம் நின்றது. இரண்டாம் கிழமை நித்திரை வந்தது. மூன்றாம் கிழமை ஒரு காலை, கிணற்றடியில் பாட்டுக் கேட்டது. அவள் தான் கோவிலுக்கு வைத்த நேர்த்திக்குக் கிடைத்த பலன் என்று நினைத்து மெழுகுதிரி கொளுத்தப் போனாள். நானும் கூடப் போனேன். அவள் சுகமானதில் நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று அருமைநாயகி ரீச்சரிடம் கேட்டுப் பாருங்கள். அன்று சர்க்கரைப் புக்கை செய்து நான்கு வீட்டுக்குக் கொடுத்தேன். மனதில் தீமை உள்ளவர்கள் அப்படிச் செய்வார்களா?

அதோடு முடிந்திருக்கும். ஆனால் வேலைநிறுத்தம் வந்து பரீட்சை எட்டுக் கிழமை தள்ளிப்போனது. அது என் கையில் இல்லை. எட்டுக் கிழமையில் எனக்கு எல்லாம் மறந்துவிடும், என்னை எனக்குத் தெரியும். அதோடு ஒன்றை மட்டும் நான் இன்னும் காணவில்லை. இந்த வருத்தம் முற்றினால் சிலருக்கு நாடி ஒழுங்கு தவறி ஓடும். அதைத் தொட்டுப் பார்த்தவர்கள் எங்கள் வகுப்பில் நாலைந்து பேர்தான்.

மறுபடி தொடங்கினேன். இந்தத் தடவை கொஞ்சம் தாராளமாக.

பரீட்சைக்கு முந்திய வியாழக்கிழமை காலை அது கிடைத்தது. வெங்காயப் பாத்திக்குள் ஆடுகள் விழுந்தடித்து ஓடுவது போல, ஒன்று விரைவாக, ஒன்று பிந்தி, ஒன்று மெதுவாக, ஒன்று பலமாக. ஒரு முழு நிமிடம் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"என்னடி, கையை விடு. சரியோ?" என்றாள். முகம் வெளிறியிருந்தது.

"வடிவாய் இருக்கு" என்றேன்.

அப்படி ஓடும் இருதயத்துக்குள் இரத்தம் கட்டிபடலாம், அது மூளைக்குப் போகலாம் என்பது எனக்குத் தெரியாதா என்று நேற்று இரண்டு தடவை கேட்டீர்கள். தெரியும். அடுத்த பக்கத்தில் இருக்கிறது. ஆனால் இளம் வயதில் மிகவும் குறைவு என்றும் அதே பக்கத்தில் இருக்கிறது. பரீட்சை செவ்வாய்க்கிழமை. அது முடிந்ததும் நானே அவளை வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போவதாக முடிவு செய்திருந்தேன். கொப்பியில் அப்படி எழுதியும் வைத்திருக்கிறேன்.

ஞாயிறு காலைப் பூசைக்கு அவளோடு நானும் போனேன். அவள் பாடுவதைக் கேட்க எனக்கு விருப்பம். இரண்டாவது பாட்டின் நடுவில் அவளுடைய வாயிலிருந்து பாட்டில் இல்லாத சொல் வந்தது. பிறகு சொல்லே இல்லாத ஒரு சத்தம். முன்வரிசையில் இருந்த அவளுடைய தங்கை, அக்கா பாட்டை மறந்துவிட்டாள் என்று சிரித்தாள். பாட்டுப் புத்தகம் வலது கையிலிருந்து விழுந்தது. வாயின் வலது ஓரம் கீழே இறங்கியது. நான்தான் முதலில் கண்டேன். நேரத்தைப் பார்த்தேன், ஏழு பதினெட்டு. பாரிசவாதத்தில் நேரம் முக்கியம். ஓட்டோவைப் பிடித்து, போகும் வழியிலேயே வாட்டுக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னேன். அவசர சிகிச்சைப் பிரிவில் இருந்தவர்கள் என்னை மெச்சினார்கள்.

சிமியோன் மாமா கோவிலுக்கு உடுத்த வெள்ளைச் சேட்டோடு நடைபாதையில் நின்றார். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். வலை இழுத்த கைகள், சொரசொரப்பாக இருந்தன.

"பிள்ளை, நீ பக்கத்திலை நிண்டபடியால்தான் என்ரை பிள்ளை உயிரோடை கிடக்கிறாள். இதை நாங்கள் ஒருநாளும் மறக்கமாட்டம்."

ஜெசிதாவின் அம்மா சிசிலியா மாமி செபமாலையை விரலில் சுற்றியபடி கேட்டார். "இருவத்தஞ்சு வயசிலை ஏன் பிள்ளை பாரிசவாதம்? அவள் ஒருதருக்கும் ஒரு கெடுதலும் செய்யேல்லையே."

இருதயம், இரத்தக்கட்டி, மூளை, மூன்றையும் அவருக்கு விளங்கும்படி சொன்னேன். படகு இயந்திரத்துக்கு எண்ணெய் போகும் குழாயை உதாரணம் காட்டினேன். மாமாவுக்கு உடனே விளங்கியது. அவளுடைய வலது கை விரல்களை எப்படி மடக்கி நீட்டிப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்றும் காட்டிக் கொடுத்தேன். அவர் ஒவ்வொரு விரலாக, நூல் முடிச்சு அவிழ்ப்பது போல, மெதுவாகச் செய்தார். ஒரு தாதி என்னிடம் வந்து, "நீங்கள் நல்ல டொக்டரா வருவியள்" என்றார்.

செவ்வாய்க்கிழமை பரீட்சை. சத்தி வரவில்லை. உள்ளே சேரும் வெளியிலிருந்து வந்த இன்னொரு பரீட்சகரும் இருந்தார்கள். சேரின் கண்கள் சிவந்திருந்தன. ஜெசிதா அவருடைய வாட்டில்தான் கிடந்தாள்.

"தைரொயிட் சுரப்பு இரத்தத்திலை மிச்சம் கூட. ஆனால் சுரப்பி வேலை செய்யாமல் சும்மா கிடக்குது. என்ன காரணம்?" என்றார்.

நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். கடைசியாக, "வெளியிலை இருந்து குளிசையா உள்ளுக்குப் போறது, சேர்" என்றேன்.

"குளிசையை நிப்பாட்டினால்?"

"பத்தாம் நாள் கை நடுக்கம் நிக்கும். ரெண்டாம் கிழமை நித்திரை வரும். மூண்டாம் கிழமை திரும்பப் பாடத் தொடங்குவாள்."

மற்றப் பரீட்சகர் எழுதுவதை நிறுத்தினார்.

"ஆர் பாடத் தொடங்குவாள், தாரிகா?" என்றார் சேர்.

"நோயாளி, சேர்."

"புத்தகத்திலை பாட்டு இல்லையே."

"எல்லாம் புத்தகத்திலை இல்லை, சேர். ஆளை வடிவாப் பாத்தால் தெரியும்."

அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தார். அன்று காலை வந்த ஜெசிதாவின் இரத்தப் பரிசோதனை. "நீர் கொஞ்சம் வெளியிலை இரும்" என்றார். வெளியே வாங்குப் பலகையில் இருந்தேன். அடுத்து உள்ளே போக நின்றவன் பயத்தில் வியர்த்திருந்தான். அவனுக்கு ஒரு ஏலக்காய் கொடுத்தேன். அரை மணித்தியாலத்தில் நீங்கள் வந்தீர்கள்.

அந்த வாய்மொழிப் பரீட்சையில் எனக்கு எண்பத்திரண்டு புள்ளி என்று கேள்விப்பட்டேன். வகுப்பிலேயே அதுதான் அதிகம்.

குளிசை எங்கிருந்து வந்தது என்பதையும் எழுதச் சொன்னீர்கள். அம்மாவுக்குக் கிளினிக்கில் கொடுப்பதை நான்தான் எடுத்து வருவேன். ஒருவருக்குக் கொடுப்பது இரண்டு பேருக்குக் காணாது. ஆகவே அம்மாவின் போத்தலில் வேறு வெள்ளைக் குளிசைகளைப் போட்டு வைத்தேன். அம்மா மெல்ல மெல்ல மந்தமானார். முகம் ஊதியது, குரல் தடித்தது. பங்குனி வெயிலில் போர்வையோடு படுத்திருந்தார். வயது போகிறது என்று அப்பா நினைத்தார். சனிக்கிழமைகளில் பருத்தித்துறை பஸ்ஸில் போய்ப் பார்த்துக் குறிப்பெடுத்து வருவேன். சுரப்பு கூடினால் ஜெசிதா, குறைந்தால் அம்மா. ஒரே அத்தியாயத்தின் இரண்டு பக்கமும் எனக்கு வீட்டிலேயே கிடைத்தன. இப்போது அம்மாவுக்குச் சரியான குளிசை கொடுக்கிறார்கள், தேறி வருகிறார். வாக்குமூலம் எடுக்கப் போன உங்கள் பெண் பொலிஸிடம், "அவள் படிப்புக்குத்தானே எடுத்தவள்" என்று சொன்னாராம். அம்மாவுக்கு எல்லாம் விளங்கும்.

"உமக்கு ஒரு வருத்தமும் இல்லையோ?" என்று நேற்று கேட்டீர்கள். இல்லை. நாடி எழுபத்திரண்டு. நித்திரை நல்லது. இங்கே தரும் பாணும் பருப்பும் பிடித்திருக்கிறது. நீங்கள் ஏன் எழுந்து யன்னலடிக்குப் போனீர்கள் என்று பிறகுதான் விளங்கியது. நீங்கள் நோயை அல்ல, மற்ற வருத்தத்தைக் கேட்டிருக்கிறீர்கள். அதற்கும் பதில் எழுதுகிறேன். நான் திட்டமிட்டபடி செவ்வாய்க்கிழமை வரை பொறுத்திருந்தால் எல்லாம் சரியாக இருந்திருக்கும். அந்த இரத்தக்கட்டிதான் பொறுக்கவில்லை.

ஜெசிதாவின் வலது கை இன்னும் எழும்பவில்லை. பேச்சில் ஒரே ஒரு சொல்தான் திரும்பி வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டேன். பேச்சுப் பயிற்சி கொடுப்பவர் கோப்பையின் படத்தைக் காட்டினாலும் "தாரி" என்கிறாளாம், பூவைக் காட்டினாலும் "தாரி" என்கிறாளாம். சொல்லும்போது அழுகிறாளாம், கட்டிலில் பின்பக்கமாக நகர்கிறாளாம். அதை நீங்கள் சாட்சியாக எழுதி வைத்திருக்கிறீர்கள். அது சாட்சி இல்லை, ஐயா. அவள் என்னைத் தேடுகிறாள். அவளுக்குப் புதன்கிழமைகளில் பேச்சுப் பயிற்சி இருக்கிறது. என்னை ஒருமுறை அங்கே கூட்டிக்கொண்டு போக ஒழுங்கு செய்யுங்கள். இவ்வளவு கடுமையாக வருத்தம் வந்த பிள்ளையைப் புது வைத்தியர்களின் கையில் தனியே விட முடியாது. அவள் சுகமாக இருந்த நாளிலிருந்து பார்த்தவள் நான் ஒருத்திதானே.